குதிரையின் முதுகும் மனிதன் கையும்

குதிரை தன் நோவை வாய்விட்டுச் சொல்லும் பிராணி அன்று. நாய் முனகும், மாடு அடித்தொண்டையில் குரல் எழுப்பும். குதிரையோ காதைப் பின்னுக்கு மடக்கும், வாலைச் சுழற்றும், சேணத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவ்வளவே. திறந்த புல்வெளியில் கொடிய விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனமாதலின், நொண்டுவதை வெளியே காட்டிக்கொள்வது அதன் உயிருக்கே உலை வைக்கும் காரியமாக இருந்தது. இவ்வாறு பேசாத ஒரு முதுகின்மேல் மனிதன் ஏறி உட்கார்ந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அந்த முதுகைக் கையால் தொட்டு நோவை அறியவும் ஆற்றவும் அவன் செய்துவந்த முயற்சிகளைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றோம்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற குளிர்காலத்தில் ஜெய்ப்பூரில் வாழும் தமிழ் நண்பர் ஒருவர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய மகள் குதிரையேற்றம் பயில்பவள். காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி இனத்துப் பெட்டைக் குதிரை ஒன்று அவளுக்கு உண்டு. இரண்டு மாதமாக அது வயிற்று வாரை இறுக்கும்போதெல்லாம் கடிக்க வருகிறது. இடப்புறம் திரும்பி ஓட மறுக்கிறது. லாயத்துப் பெரியவர் எண்ணெயிட்டு மாலிஷ் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். உடன் பயிலும் ஒருவர், தில்லியிலிருந்து வரும் மசாஜ் நிபுணரை அழைக்கச் சொல்கிறார். மற்றொருவர் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறையே சிறந்தது என்கிறார். இன்னொருவர் ஆஸ்டியோபதி என்கிறார். "மாமா, நீங்கள்தான் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பவர் ஆயிற்றே! இந்த நான்குக்கும் என்ன வேற்றுமை என்று எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றாள் அப்பெண். இருபது ஆண்டுகளாக அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்கிவரும் நமக்கு அன்று விடை சொல்ல நா எழவில்லை. தில்லி திரும்பியபின் நூல்களைப் புரட்டலானோம்.

கிரேக்க வீரரும் நூலாசிரியருமான செனபோன், கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூல் இன்றும் கிடைக்கின்றது. குதிரையைத் தேய்த்துத் துடைக்கும் முறையைக் கூறும் இடத்தில், முதுகெலும்பின்மேல் எந்தக் கருவியையும் பயன்படுத்தலாகாது; கையால் மட்டுமே, மயிர் படியும் திசையிலேயே, தேய்த்து நீவவேண்டும் என்கிறார். சேணமும் அங்கவடியும் வழக்கத்தில் இல்லாத காலம் அது. வீரன் அமர்ந்த இடம் குதிரையின் வெற்று முதுகு. அதன் மதிப்பை அவர் அறிந்திருந்தார் என்பதில் வியப்பில்லை.

நம் நாட்டில் அர்த்தசாஸ்திரம் குதிரை மேற்பார்வையாளருக்கென ஒரு அத்தியாயமே ஒதுக்கியுள்ளது. தமிழராகிய நாம் இந்நூலைப் பற்றி ஒரு செய்தியை நினைவிற்கொள்ளலாம். பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்த அதன் சுவடியைத் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசாங்க நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அங்கிருந்த சாமசாஸ்திரி 1905ஆம் ஆண்டில் அதனை இன்னதென்று கண்டறிந்து, 1909இல் அச்சிட்டார். நாளைக்கு இருமுறை நீராட்டு, சந்தனம், மாலை என்று குதிரைக்கு அது விதிக்கும் உபசாரங்களைப் படிக்கையில் சிறிது பொறாமைகூடத் தோன்றுகின்றது. ஆனால் நம் கருத்தைக் கவர்ந்தவை உபசாரங்கள் அல்ல, தண்டனைகளே. பணியாள் தன் வேலையில் தவறினால் அன்றைய கூலி பிடிக்கப்படும். வைத்தியர் ஓய்வில் நிறுத்திவைத்த குதிரையை எவனேனும் ஓட்டினால் பன்னிரண்டு பணம் தண்டம். சிகிச்சையிலோ மருந்திலோ ஏற்பட்ட குறையால் நோய் முற்றினால் சிகிச்சைச் செலவைப் போல் இருமடங்கு தண்டம்; குற்றத்தால் குதிரைக்கே கேடு விளைந்தால் அதன் விலை முழுவதும் தண்டம். தொடுகின்ற கைக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த பழைய நூல் வேறொன்றை நாம் கண்டதில்லை.

அசுவ வைத்தியத்துக்கு ஆதி ஆசிரியராகச் சாலிஹோத்திர முனிவரைப் போற்றுவது வடமொழி மரபு. பாரதத்தில் விராடன் அரண்மனையில் கிரந்திகன் என்னும் பெயரில் லாயத்தைக் காத்த நகுலன் பெயராலும் நூல்கள் வழங்குகின்றன. ஜயதத்தர் இயற்றிய அசுவ வைத்தியகம் கல்கத்தாவில் 1887ஆம் ஆண்டில் அச்சேறியது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகமும் நகுலன் பெயரிலுள்ள அசுவ சாஸ்திரத்தை வண்ணப் படங்களுடன் 1952இல் வெளியிட்டது. சாலிஹோத்திரர் என்னும் பெயரே தேய்ந்து 'சாலோத்ரி' ஆகி, பிரிட்டிஷார் காலத்துப் படைகளில் நாட்டுக் குதிரை வைத்தியனைக் குறிக்கும் சொல்லாயிற்று. முனிவர் ஒருவர் பெயர் படைமுகாமின் சம்பளப் பட்டியலில் ஏறிய விந்தையை மொழிபெயர்ப்பாளரன்றி வேறு யார் ரசிக்கப்போகின்றனர்!

அறிந்த கைகள் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சாததையும் குறிப்பிடுகிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லை. லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை வணிகர்கள் வேண்டுமென்றே உடன் அனுப்புவதில்லை. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விலைபோகும்! வெனிஸ் வணிகரின் எண்களில் சற்று மிகை இருக்கலாம். வாணிபத்தின் மனப்போக்கை அவர் தவறாக எடைபோட்டிருப்பார் என்று நாம் கருதவில்லை.

வடக்கே நிலைமை வேறு. அங்கே குதிரையை வளர்த்தவனும் ஏறியவனும் தேய்த்தவனும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பிரிட்டிஷ் இந்தியக் குதிரைப்படையில் முதல் உலகப் போர்க்காலம் வரை நிலவிய 'சில்லேதார்' முறையில், வீரனே தன் குதிரையைக் கொண்டுவந்து சேரவேண்டும். அதன் முதுகு புண்ணானால் அவன் பிழைப்பும் புண்ணாகும். மாலைதோறும் லாயங்களில் முன்கையால் அழுத்தி உருவிவிடும் வழக்கம் இத்தகைய சூழ்நிலையில் வேரூன்றியது. ஆங்கிலேயரிடமும் இதற்கு ஒப்பான ஒரு முறை இருந்தது. வைக்கோலை முறுக்கித் திரியாக்கி, கழுத்திலும் தோளிலும் பின்தொடையிலும் தாளம் தவறாமல் அடிப்பார்கள். இடுப்பின் மேல்மட்டும் அடிக்கமாட்டார்கள். அடிக்குமுன் தசை இறுகும், அடித்தபின் தளரும். இவ்வாறு அது வலுப்பெறும் என்பது அவர்கள் கொள்கை.

இங்கே சொற்களின் கதையையும் சிறிது சொல்லவேண்டும். இன்று தலைமுடிக்குப் போடும் 'ஷாம்பூ' என்னும் சொல், அழுத்து என்று பொருள்படும் 'சாம்போ' என்ற இந்துஸ்தானி ஏவலிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அதற்கு உடம்பு பிடித்துவிடுதல் என்பதே பொருள். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1814ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் அமைத்துப் புகழ்பெற்றதும் இக்கலையாலேதான். பின்னர் 'மசாஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல் வந்து அந்த இடத்தைப் பற்றிக்கொண்டது. அதன் மூலம் அரபு என்பாரும் போர்த்துகீசியம் என்பாரும் உளர். எதுவாயினும், அந்த ஒரு சொல்லுக்கு நம் தமிழில் ஐந்தாறு சொற்கள் உள்ளன. நீவுதல் மேலோட்டமானது. உருவுதல் ஒரே திசையில் இழுத்துச் செல்வது. பிசைதல் தசையைத் திரட்டிப் பிடிப்பது. தட்டுதல், அமுக்குதல் இருக்கவே இருக்கின்றன. சுளுக்கு வழித்தல் என்பது கிராமத்தில் தனித் தொழிலாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் மெஸ்கர் மசாஜை வகைப்படுத்தியபோது பிரித்த பிரிவுகளுக்கு ஏறக்குறைய இவையே பொருந்தும். ஆகவே, மசாஜ் என்பது இன்னதென்று அப்பெண்ணுக்குச் சொல்வது எளிதாயிற்று: பெரியவர் செய்யும் மாலிஷும் தில்லி நிபுணர் செய்யும் மசாஜும் ஒரே மரத்தின் இரு கிளைகள். பின்னவர் தசைகளின் பெயரும் அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதும் படித்தவராக இருப்பார், இருக்கவேண்டும். விளையாட்டு வீரர்களுக்குச் செய்யும் மசாஜைக் குதிரைக்கு முறைப்படி கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜாக் மேகர். அவர் இதுபற்றி எழுதிய நூல் 1985இல் வெளியாயிற்று.

எஞ்சிய இரண்டும் எலும்பையும் மூட்டையும் பற்றியவை, பிறந்தவை மனிதனுக்காக. அமெரிக்காவின் உள்நாட்டில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர், அக்காலத்து மருந்துகளின்மேல் நம்பிக்கை இழந்து, 1874ஆம் ஆண்டில் ஆஸ்டியோபதியை அறிவித்தார். உடலின் அமைப்பு ஒழுங்காக இருப்பின் இரத்தவோட்டமும் ஒழுங்காக இருக்கும், நோய் தானே நீங்கும் என்பது அவர் கோட்பாடு. ஆகவே ஆஸ்டியோபதியர் மெல்ல இழுத்தும் வளைத்தும் மூட்டுகளையும் அவற்றைச் சூழ்ந்த திசுக்களையும் தளர்த்துவர். 1895இல் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் பாமர், செவி கேளாத ஒரு பணியாளரின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்து கேட்கச் செய்ததாகக் கூறினார். கைரோபிராக்டிக் அன்று பிறந்தது. அதன் அடையாளம் குறுகிய, விரைவான ஒரே தள்ளல். முதுகெலும்பைத் தள்ளினால் செவி எவ்வாறு கேட்கும் என்று நேயர்கள் கேட்கலாம், நாமும் கேட்டோம். கொள்கை விளக்கத்தில் இவ்விரண்டும் தொடக்கத்தில் வாக்களித்தவற்றுள் பலவற்றைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும் கை செய்த வேலையில் ஏதோ பயன் கண்டவர்கள் அதனைக் கைவிடவுமில்லை. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விலங்குகளுக்கான கைரோபிராக்டிக் சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கிய ஷாரன் வில்லோபி ஒரு கால்நடை மருத்துவர் என்பதைக் குறித்துக்கொள்க.

ஐந்தாவது வழியொன்றும் உண்டு. அதனை அப்பெண்ணுக்கு எவரும் சொல்லவில்லை. அதுதான் பிசியோதெரபி. இதற்கும் இந்தியாவுக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உள்ளது. இந்நாட்டின் கடைசி வைசிராயான மவுண்ட்பேட்டன், 1921இல் இளவரசருடன் வந்தபோது ஜோத்பூரில் போலோ ஆடக் கற்றுக்கொண்டு, அதற்கு அடிமையானார். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், மனிதர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த சார்லஸ் ஸ்டிராங்கைத் தம் போலோக் குதிரைகளின் காயங்களையும் பார்க்கச் செய்தார். மின்னோட்டத்தால் தசையைச் சுருங்கச் செய்து வலுவூட்டுவது அவர் முறை. பின்னர் அதனைக் குதிரைகளுக்கெனவே நூலாக எழுதினார். பிசியோதெரபியில் கையின் வேலை பாதியே. மற்றப் பாதி குதிரையே செய்யவேண்டிய பயிற்சி.

இவற்றுள் எதனையும் தேர்ந்தெடுக்குமுன் குதிரையின் உடலைச் சிறிது நோக்கவேண்டும். அதற்குக் காறையெலும்பு கிடையாது. முன்னங்கால்கள் இரண்டும் உடலோடு எலும்பால் பிணைக்கப்படவில்லை. தசைகளாலான தொட்டில் ஒன்றில் மார்புக்கூடு தொங்குகின்றது. உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அந்த முன்னங்கால்கள்மேல்தான். எனவே தோள், கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் பிசைந்துவிடுவதற்கு உண்மையாகவே வேலை இருக்கின்றது. ஆனால் முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை என்று சொல்லிவிடலாம். தசைநாணும் எலும்புமே உள்ளன. அங்கே உருவிவிடுவது தேங்கிய நீரை மேலேற்ற உதவுமேயன்றிக் கிழிந்த நாணை ஒட்டவைக்காது. முதுகிலோ பதினெட்டு மார்பு முள்ளெலும்புகள், அவற்றின் பின் பெரும்பாலும் ஆறு இடுப்பு முள்ளெலும்புகள். அவற்றின்மேல் பல அங்குல கனத்துக்குத் தசை. மனிதன் கையால் இவ்வெலும்பு 'இடம் பெயர்ந்துவிட்டது', இதோ 'உட்கார வைத்துவிட்டேன்' என்று எவரேனும் சொன்னால் ஐயுறவேண்டும். அவ்வளவு பெரிய விலங்கின் முள்ளெலும்பு உண்மையில் இடம் பெயர்ந்திருந்தால் அது நின்றுகொண்டிராது. கைத் தள்ளலால் பயன் விளையுமானால் அது இறுகிய தசை தளர்வதாலும் நரம்புகளின் நோவுணர்வு மாறுவதாலும் விளைவதே.

பயன் விளைகின்றதா? 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோயில்லாத முப்பத்தெட்டுக் குதிரைகளின் முதுகை அழுத்தி, எவ்வளவு அழுத்தத்தில் நோவை உணர்கின்றன என்று அளந்தனர். ஏழு நாள் கழித்து அந்த அளவு கைரோபிராக்டிக் பெற்றவற்றில் 27 விழுக்காடும், மசாஜ் பெற்றவற்றில் 12 விழுக்காடும், நோவு மருந்து பெற்றவற்றில் 8 விழுக்காடும் உயர்ந்திருந்தது. இதைக் கேட்டுக் கைரோபிராக்டிக் வென்றது என்று கொட்டு முழக்கவேண்டியதில்லை. அக்குதிரைகள் நோயற்றவை, அளந்தது ஒரு வாரம். நோயுற்ற குதிரை குணமாயிற்றா என்பது வேறு கேள்வி. இவ்வளவு தயங்குவானேன் எனில், குதிரை வைத்தியம் நம்பிக்கையால் ஒருமுறை மிகவும் ஏமாந்திருக்கின்றது. நாண் கிழிந்த காலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் பல நூற்றாண்டுகள் பல நாடுகளில் நிலவியது. சூடுபட்ட குதிரைகள் தேறின. ஏனெனில் சூட்டுக்குப்பின் மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சூட்டினால் நாணுக்கு நன்மை ஏதுமில்லை என்று காட்டிற்று. புகழ் இரும்புக்குச் சென்றது. வேலை செய்தது ஓய்வு.

இக்காரணத்தால், 'எந்தக் கை' என்பதற்கு முன் 'எதனால் நோவு' என்று கேட்பதே முறை என்பது நம் முடிவு. சேணத்தைக் கண்டு சிணுங்கும் குதிரையிடம் சேணமே குற்றவாளியாக இருக்கலாம். பின்னங்காலில் சிறு நொண்டல் இருந்தால் அதனைத் தாங்க முதுகு தன் அசைவை மாற்றிக்கொள்ளும். நாம் முதுகைப் பிசைந்துகொண்டிருப்போம், காலோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறியிருப்பவளுக்கும் அபாயம். கடைவாய்ப் பல்லின் கூர்முனைகூடத் தலையைத் திருப்ப மறுக்கச் செய்யும். இவற்றைக் கண்டறியும் பொறுப்பு கால்நடை மருத்துவருக்கு உரியது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்றவரே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்கிறது.

காரணம் தெரிந்தபின், தசைப்பிடிப்பும் உழைப்பின் களைப்புமே எனில் மசாஜ் போதும். நாள்தோறும் தேய்த்துவிடும் லாயத்துக் கை அதைவிடவும் நல்லது. எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று முதலில் அறிவது அக்கைதான். காயத்துக்குப்பின் வலுவிழந்த குதிரைக்குப் பிசியோதெரபியே நம் முதல் தேர்வு. மூட்டைத் தள்ளும் முறைகளை, மருத்துவர் முள்ளெலும்பைப் படம்பிடித்துப் பார்த்துத் தடையில்லை என்றபின், அத்துறையில் பயின்ற மருத்துவரிடமே விடவேண்டும். முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் நோய் சில குதிரைகளுக்கு உண்டு. அங்கே தள்ளினால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கின்றது. காய்ச்சல், புதுவீக்கம், வயிற்றுவலி இவை இருக்கும்போது எக்கையும் வேண்டா. 'திங்கட்கிழமை நோய்' என்று குதிரைக்காரர் கூறுவது ஒன்றுண்டு. ஞாயிறன்று முழுத்தீனி தின்று ஓய்ந்த உழைப்புக் குதிரை, மறுநாள் வேலையில் பின்தொடை கல்லாய் இறுகி நின்றுவிடும். பார்ப்பவர்க்குப் பிசையத் தோன்றும். பிசையக்கூடாது, நடத்தவும்கூடாது, மருத்துவரை அழைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கடிதமாக எழுதி ஜெய்ப்பூருக்கு அனுப்பினோம். கடிதம் சேருமுன்பே நண்பர் கால்நடை மருத்துவரை அழைத்திருந்தார். சேணத்தின் இடப்புறத் திணிப்பு ஒரே இடத்தில் கட்டியாகி, பிடரிமேட்டின் பின்னே அழுத்திக்கொண்டிருந்தது. சேணம் பிரித்துத் திணிக்கப்பட்டது; குதிரைக்கு ஆறு வாரம் முதுகில் பாரமில்லை. மருத்துவர் சொன்ன பயிற்சியும் நடந்தது. முள்ளங்கியின் இனமென்று நம் வீட்டார் மயங்கும் காரட்டைக் காட்டி, குதிரை தானே தன் மார்புக்கும், விலாவுக்கும், முன்கால் குளம்புக்கும் கழுத்தை வளைக்கச் செய்வது அது. எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம் இப்பயிற்சி அளித்து, முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் பருத்ததை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியுள்ளது.

மார்ச்சு மாதத்தில் மீண்டும் சென்றிருந்தோம். லாயத்துப் பெரியவர் சட்டைக்கையை மேலேற்றிக்கொண்டு, முன்கையால் அக்குதிரையின் தோளிலிருந்து இடுப்புவரை உருவிக்கொண்டிருந்தார். பழைய புண்பட்ட இடத்துக்கு வந்ததும் கையைத் தூக்கி, விரல் நுனியால் மட்டும் மயிர்ப் போக்கில் நீவினார். செனபோனை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. குதிரை கீழுதட்டைத் தொங்கவிட்டுக் கண்ணைப் பாதி மூடி நின்றது. அப்பெண் வயிற்று வாரை எடுத்துவந்து மெல்ல ஒரு துளை இறுக்கினாள். காது சற்றே பின்னுக்குச் சென்றது. பிறகு முன்னுக்கு வந்தது. "இன்று இவ்வளவே போதும், பிட்டியா" என்றார் பெரியவர். அவள் வாரைத் தளர்த்தினாள்.